ஏழையின் முத்திரை மரக்கால்

தஞ்சைத் தரணியில் நெல் விளைந்த அளவுக்கு மரக்காலைப் பற்றிய வழக்கும் விளைந்தது. பண்ணைக்கு நெல் அளக்க ஒரு மரக்கால், பண்ணையாளுக்குக் கூலி அளக்க இன்னொரு மரக்கால் என்று உழைப்பாளிகள் குமுறிய காலம் உண்டு. "முத்திரை போட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும்" என்பது 1940-களில் பண்ணையாட்கள் சங்கம் வைத்துக் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று. சவுக்கால் அடிக்கக் கூடாது, சாணிப்பாலைக் கரைத்துப் புகட்டக் கூடாது என்பவையும் அதே கோரிக்கைகளைச் சேர்ந்தவை. மனிதனை மனிதனாக நடத்துங்கள் என்பதைக்கூடக் கோரிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது.

அப்படிப்பட்ட ஜில்லாவுக்கு, ஆண்டைக்கும் ஆளுக்கும் ஒரே அளவாக ஒரு மரக்கால் வந்து சேர்ந்தது. அதுதான் ஓட்டு. நூறு வேலி நிலம் உள்ளவருக்கும் அதில் ஒரே அளவுதான். நண்டு வளையைத் தவிர வயலில் வேறு எதையும் தன்னுடையது என்று சொல்ல முடியாதவருக்கும் அதே அளவுதான். குவித்து அளப்பதும் இல்லை, தலை தட்டி அளப்பதும் இல்லை.

ஆனால் மரக்கால் நேர்மையாக இருந்தால் மட்டும் போதுமா? களத்தில் பெயரைக் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். ஆள் இருந்தாலும் கணக்கில் பெயர் இருக்க வேண்டும். வாக்காளர் ஜாபிதாவில் பெயர் இல்லாதவருக்கு ஜனநாயகம் என்பது அடுத்த வீட்டுக் கல்யாணம். மேளம் காதில் விழும். இலையில் சோறு விழாது.

கேளாமல் கிடைத்ததா?

ஓட்டு சும்மா வந்தது, ஆகவே அதன் அருமை ஏழைக்குத் தெரியவில்லை என்று சிலர் பேசுவது உண்டு. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சியில் 1920-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, நிலவரியோ வேறு வரியோ கட்டும் சிலருக்கே ஓட்டு இருந்தது. நிலமே இல்லாத பண்ணையாள் எந்த வரியைக் கட்டுவான்? ஆதிதிராவிட மக்களின் தலைவரான எம். சி. ராஜா 1920-லும், ரெட்டைமலை சீனிவாசன் 1923-லும் அந்தச் சபைக்குள் நுழைந்தது தேர்தலால் அல்ல; சர்க்காரின் நியமனத்தால். அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப அவர்களுடைய மக்களிடம் ஓட்டு இல்லை.

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று 1928-ல் சைமன் கமிஷன் முன் வாதாடினார் அம்பேத்கர். லண்டனில் நடந்த வட்டமேஜை மகாநாட்டில் அவரோடு சேர்ந்து தாழ்த்தப்பட்டோருக்காகப் பேசியவர் ரெட்டைமலை சீனிவாசன். 1932-ம் ஆண்டு பூனா ஒப்பந்தத்தின்படி சென்னை மாகாணத்தில் 30 இடங்கள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன. எனினும், 1935-ம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும், நாட்டு ஜனத்தொகையில் நூற்றுக்குப் பதினான்கு பேர் அளவுக்கே ஓட்டு இருந்தது. இடம் ஒதுக்கியாயிற்று; அந்த இடத்துக்குரிய ஜனங்களில் பெரும்பாலோர் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

1950 ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவு அந்த வாசலைத் திறந்தது. சொத்து கேட்கவில்லை; படிப்பு கேட்கவில்லை; ஜாதி கேட்கவில்லை. 21 வயது ஆனால் போதும் என்றது. (அந்த வயது 1989-ல் 18 ஆகக் குறைந்தது.) முதல் பொதுத் தேர்தலின் ஜாபிதாவில் 17 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் ஏறின. எழுத்துத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தபோது, அவர்களை ஒதுக்கிவிடவில்லை. ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு பெட்டி வைத்து, பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். படிக்கத் தெரிய வேண்டாம், பார்க்கத் தெரிந்தால் போதும் என்பதே அதன் பொருள்.

அந்தப் பெரிய காரியத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய மகள்" என்றே எழுதச் சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாத ஏறக்குறைய 28 லட்சம் பதிவுகளை அதிகாரிகள் நீக்க வேண்டியதாயிற்று. பெயர் சொல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்ற பாடத்தை முதல் தேர்தலே புகட்டிவிட்டது.

காலுக்குக் கீழே யாருடைய மண்?

சட்டத்தில் ஓட்டு வந்துவிட்டது. ஆனால் அன்றைய பண்ணையாளின் குடிசை எங்கே இருந்தது? மிராசுதாரின் மனையில். கிணறு யாருடையது? மிராசுதாருடையது. நாளைய கூலி யார் கையில்? அதுவும் அவர் கையில். "நான் சொல்கிற பெட்டியில் போடாவிட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்று ஒரு வார்த்தை வந்தால், போவதற்கு வேறு மண் கிடையாது. காலுக்குக் கீழே இருக்கும் மண் பிறருடையதாக இருக்கும்போது, கையில் இருக்கும் ஓட்டு எப்படித் தன்னுடையதாகும்?

அந்த நிலையிலும் 1952 தேர்தலில் ஓட்டு தன் வேலையைக் காட்டியது. சென்னை ராஜ்யத்தில் காங்கிரஸ் தனிப் பெரும்பான்மையை இழந்தது. விவசாயத் தொழிலாளரைத் திரட்டிய கம்யூனிஸ்டுகள் அறுபதுக்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்தார்கள். முதல் மந்திரியான ராஜாஜி கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று சொன்னவர். எனினும் அதே ஆண்டில், தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு அவர் சர்க்காரே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நினைத்தபோது பண்ணையாளை நீக்கிவிடும் அதிகாரத்துக்கு அது ஒரு கடிவாளம் போட்டது. தேர்தல் முடிந்து ஓராண்டு ஆவதற்குள் இந்தச் சட்டம் வந்தது ஜோஸ்யத்தால் அல்ல. வயலில் குனிந்து நிற்பவர்களின் தலைகளையும் எண்ணித்தான் ஆக வேண்டும் என்று ஆட்சியாளர்களுக்குப் புரிந்துவிட்டது.

1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்தது. பிறர் மனையில் குடிசை போட்டிருந்த உழைப்பாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்க வகை செய்த சட்டம் அது. இந்த இரண்டாவது சட்டத்தைப் பற்றி இன்று அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஓட்டுக்கு உயிர் கொடுத்த சட்டம் என்று அதைச் சொல்லலாம். "குடிசையைப் பிரி" என்ற மிரட்டலின் பல்லைப் பிடுங்கியது அது. ஓட்டு சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டம் ஓட்டை விடுவித்தது. ஒரு கை மற்றொரு கையைக் கழுவியது போல.

இன்னொரு டெல்டா

மண்ணுக்கும் ஓட்டுக்கும் உள்ள இந்த உறவு காவிரிக் கரைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மிஸிஸிப்பி ராஜ்யத்திலும் ஒரு டெல்டா உண்டு. இங்கே நெல், அங்கே பருத்தி. இங்கே பண்ணையாள், அங்கே கறுப்பினக் குத்தகைக் கூலிகள்.

கறுப்பர்களுக்கு ஓட்டு உண்டு என்று அமெரிக்க அரசியல் சட்டம் 1870-லேயே சொல்லிவிட்டது. ஆனால் தென் ராஜ்யங்களில், ஜாபிதாவில் பெயர் எழுதும் மேஜைக்கு முன்னாலேயே வேலி போட்டார்கள். ஓட்டு வரி கட்டு என்றார்கள். பரீட்சை எழுது என்றார்கள். ராஜ்ய அரசியல் சட்டத்தின் ஏதோ ஒரு பகுதியைக் கொடுத்து, விளக்கம் எழுதச் சொல்வார்கள். தேறியதா இல்லையா என்று சொல்வது வெள்ளைக்கார அதிகாரியின் இஷ்டம்.

ஃபேனி லூ ஹேமர் என்ற பெண்மணி ஒரு குத்தகைக் குடும்பத்தின் இருபதாவது குழந்தை. ஆறு வயதிலேயே பருத்தி பறிக்கத் தொடங்கியவர். 1962 ஆகஸ்ட் 31-ந் தேதி, வேறு பதினேழு பேரோடு பஸ் ஏறி, பெயர் பதியப் போனார். அரசியல் சட்டப் பரீட்சையில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பியதும் பண்ணை முதலாளி, மனுவைத் திரும்பப் பெற வேண்டும், இல்லாவிட்டால் பண்ணையை விட்டு வெளியேற வேண்டும் என்றார். உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்ற பொருளில் அந்த அம்மாள் பதில் சொன்னார். பதினெட்டு வருஷம் உழைத்த பண்ணையை விட்டு அன்று இரவே வெளியேறினார். 1963 ஜனவரியில் மீண்டும் முயன்று தேறினார். அதே ஆண்டில் சிறையில் அடிபட்டார். ஆனால் பெயரை எடுக்கவில்லை.

1965 ஆகஸ்ட் 6-ந் தேதி அமெரிக்காவில் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. 1964-ல் மிஸிஸிப்பியில் வயது வந்த கறுப்பர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட ஜாபிதாவில் இல்லை. 1967-ல் அது அறுபதை நெருங்கிவிட்டது. மூன்றே ஆண்டுகளில்! 2013-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தின் முக்கியமான காவல் ஒன்றைத் தளர்த்தியது என்பதும் கவனிக்க வேண்டிய சேதி. கட்டிய கரையைக் காவல் காக்காவிட்டால் உடைப்பெடுக்கும் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"ஓட்டுப் போட்டு என்ன கண்டோம்?"

இந்தக் கேள்வியைக் காலனித் தெருவில் கேட்பவர் யாராயிருந்தாலும், அவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு. 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதும், சங்கத்தை விட மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். அப்போது அந்த ஊர் உழைப்பாளிகளுக்கு ஓட்டு இருந்தது. நான்கு பொதுத் தேர்தல்கள் நடந்து முடிந்திருந்தன. கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973-ல் சென்னை ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. ஓட்டு அந்த நெருப்பை அணைக்கவில்லை. இதை மறைத்துவிட்டு ஓட்டின் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது.

அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டுக்குள் நாடு நுழைகிறது என்று 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். அந்த முரண்பாடுதான் வெண்மணியில் எரிந்தது. நியாயக் கூலிச் சட்டமும் குடியிருப்புச் சட்டமும் அந்தச் சாம்பலுக்குப் பிறகே வந்தன என்பதும் கசப்பான உண்மை.

ஆனால் வேறொரு விதத்தில் யோசித்துப் பார்க்க வேண்டும். ஓட்டு ஒன்றுக்கும் உதவாத பொருள் என்றால், அதைத் தடுக்க ஏன் இத்தனை பேர் இத்தனை பாடுபடுகிறார்கள்? மதுரை மாவட்டத்தில் மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. அதில் ஜெயித்து வந்த முருகேசனை 1997 ஜூன் 30-ந் தேதி வெட்டிக் கொன்றார்கள். கூட இருந்த ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதற்காக, 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தலையே முறையாக நடக்க விடவில்லை. 2006-ல்தான் நடந்தது.

உதவாத பொருளுக்குக் காவல் போடுகிறவன் உண்டா? பதரைத் திருட எவனும் களத்துக்கு வருவதில்லை. ஓட்டில் மணி இருக்கிறது என்று தடுக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. வைத்திருப்பவனுக்கும் தெரிய வேண்டும்.

தெருவை எண்ண வேண்டும்

2011-ம் ஆண்டு ஜனக் கணக்குப்படி, திருவாரூர் மாவட்டத்தில் நூறு பேரில் 34 பேர் தாழ்த்தப்பட்டோர். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 31 பேருக்கு மேல். தமிழ்நாடு முழுவதற்கும் சராசரி 20. நாகப்பட்டினம் பாராளுமன்றத் தொகுதியும், கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி, சீர்காழி, திருவிடைமருதூர் சட்டசபைத் தொகுதிகளும் தனித் தொகுதிகள்.

"தனித் தொகுதிதானே, யார் ஜெயித்தாலும் நம்மவர்தானே" என்று சும்மா இருப்பவர்களும் உண்டு. அது தப்புக் கணக்கு. தனித் தொகுதியில் நிற்பவர்தான் ஆதிதிராவிடர்; ஓட்டுப் போடுவது எல்லா ஜாதியினரும். காலனித் தெரு வராவிட்டால், ஜெயித்தவர் வந்த தெருக்களுக்குத்தான் கடன்பட்டவர் ஆவார். எந்தத் தெருவில் எத்தனை பெயர், எத்தனை பேர் வந்தார்கள் என்பது கட்சிக்காரர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சாலையும் குழாயும் மயானப் பாதையும் வருகின்றன.

பெயர் எப்படி நழுவுகிறது? டெல்டாவில் வழி பல. அறுவடை முடிந்தால் வேலை இல்லை. திருப்பூருக்கோ சென்னைக்கோ கேரளத்துக்கோ குடும்பத்தோடு போய்விடுகிறார்கள். கணக்கெடுக்க வரும் ஊழியர் பூட்டிய கதவைப் பார்த்து "இடம் மாறியவர்" என்று எழுதிக்கொண்டு போகிறார். கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த ஊரில் பெயர் போய்விடுகிறது. புகுந்த ஊரில் சேர்ப்பதற்கு யாருக்கும் நினைவில்லை. பதினெட்டு வயதான பையன் ரேஷன் கார்டில் பெயர் இருந்தால் போதும் என்று இருந்துவிடுகிறான்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-ந் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் ஏறக்குறைய 97 லட்சம் பழைய பெயர்கள் இல்லை. இறந்தவர்கள் பெயர் போக வேண்டியதுதான். இரண்டு இடத்தில் இருந்த பெயரும் போக வேண்டியதுதான். ஆனால் போனவற்றில் பெரும்பகுதி, இடம் மாறியவர்கள், வீட்டில் காணப்படாதவர்கள் என்ற கணக்கில் போனவை. பிழைக்கப் போனவன் பெயர் முதலில் போகும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

போன பெயரைச் சேர்ப்பது பெரிய வித்தை அல்ல. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. விலாசம் மாறவும் பிழை திருத்தவும் படிவம் 8. ஒரு பெயரை நீக்கச் சொல்வது படிவம் 7. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒவ்வொரு சாவடிக்கும் உண்டு. 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் விவரம் கிடைக்கும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதிகளில் எதில் 18 வயது நிறைந்தாலும் சேரலாம். 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி மனுப் போடலாம். மிஸிஸிப்பியில் கேட்டது போல் இங்கே பரீட்சை இல்லை, வரி இல்லை, ஒரு காசு கட்டணம் இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. கிராம சபையில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் உரிமை அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கே. பெயர் போனால் ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் போவதில்லை; குடியரசு தினத்திலும் மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் காந்தி ஜெயந்தியிலும் சபையில் எழுந்து நிற்கும் பாத்தியதையும் போய்விடுகிறது.

இருபத்தேழு காசு

பெயர் இருந்தும் ஓட்டை விற்றுவிட்டால்? ஒரு ஓட்டுக்கு ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து வருஷத்துக்கு 1,825 நாட்கள். நாளொன்றுக்கு இருபத்தேழு காசு ஆகிறது. இந்தக் காலத்தில் பிச்சைக்காரர்கூடத் திருப்பிக் கொடுத்துவிடும் தொகை அது. 2016-ல் தஞ்சாவூர் சட்டசபைத் தொகுதிக்குப் பணப் பட்டுவாடா காரணமாக உரிய நாளில் தேர்தலே நடக்கவில்லை, நவம்பரில்தான் நடந்தது. ராஜராஜன் பெரிய கோயில் கட்டிய ஊருக்கு அது பெருமை சேர்க்கவில்லை.

"வாங்கிவிட்டேனே, போடாவிட்டால் தெரிந்துவிடுமே" என்ற பயம் வேண்டியதில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று அபேட்சகருக்கும் தெரியாது, அவர் ஆளுக்கும் தெரியாது. அந்த மறைப்புத் தட்டிக்குள் நிற்கும் அரை நிமிஷம், ஆண்டை இல்லாத அரை நிமிஷம். வாங்காமல் இருப்பதே மரியாதை. மிரட்டலுக்கு அஞ்சாமல் இருப்பது அதைவிட மரியாதை.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது பழமொழி. நாற்றங்காலில் விதைக்காதவன் தையில் அரிவாளைத் தீட்டிக்கொண்டு வயலுக்குப் போய் என்ன பயன்? தேர்தல் அறுவடை, ஜாபிதாவில் பெயர் சேர்ப்பதே விதைப்பு. ஓட்டுச் சாவடி வாசலில் நின்று "என் பெயரைக் காணோமே" என்று சண்டை போடுவதைவிட, ஓய்ந்திருக்கும் ஒரு நாளில் தெருவுக்கு ஒரு படித்த பிள்ளை பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் பெயர் சரிபார்ப்பது நூறு மடங்கு மேல். பாட்டி பெயர் இருக்கிறதா, புது மருமகள் பெயர் ஏறியதா, திருப்பூர் போன தம்பி எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டு எழுத ஒரு பகல் போதும்.

முத்திரை மரக்காலுக்காகச் சவுக்கடி பட்டவர்கள் இன்று இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் கையில் அந்த மரக்கால் இருக்கிறது. அதைப் பரண்மேல் போட்டுப் பூச்சி அரிக்க விடக் கூடாது.